வெள்ளவத்தையில் தவம் ஸ்டோர்ஸ்

துளசி, கவின், கொழும்பில் நான் நின்ற அந்த ஒரு கிழமையில், உங்களோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் லைன் அறுந்தது. "அப்பா எதையோ தெரியாமல் அமத்திவிட்டார்" என்று நீங்கள் இருவரும் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தீர்களாம். நான் ஒன்றையும் அமத்தவில்லை. என் டேட்டாவை வேறொருவர் பாவித்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று கண்டுபிடித்த கதையைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் துளசி திருத்தட்டும். விஷயத்தில் பிழை இல்லை.

போன காரணம் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு என் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி வேண்டும். அதை நானே நேரில் போய் எடுத்தால்தான் சுணங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் லேனில் இருபது வீடுகள். ஃபோன் ஒன்றுதான். அது தவம் ஸ்டோர்ஸ் என்ற பலசரக்குக் கடையில், பருப்புச் சாக்குகளுக்கும் சவர்க்காரப் பெட்டிகளுக்கும் நடுவில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்த நம்பருக்குத்தான் எடுப்பார்கள். கடைக்காரர் தவராசா, எல்லோருக்கும் தவம் அண்ணை, எடுத்து, "ஆருக்கு?" என்று கேட்பார். அவருடைய மகள் சாந்தினி, அப்போது பதினான்கு வயது, லேனுக்குள் ஓடிப்போய் அந்த வீட்டு ஆளைக் கூட்டிவருவாள். அதுவரை நாங்கள் பரிசில் பூத்துக்குள் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்போம். எங்கள் லேன் ஆட்களுக்குப் பிறந்த திகதி மறந்தாலும் அந்த நம்பர் மறக்காது.

நான் பரிசுக்கு வந்த புதிதில், விசா இல்லாமல் இருந்த காலத்தில், ஞாயிறு தோறும் அந்த நம்பருக்கு எடுத்து உங்கள் அப்பப்பாவோடு கதைப்பேன். அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணி எழுதும் கிளார்க். எனக்கு அவர், அவருக்கு நான். ஒரு ஞாயிறு சாந்தினி ஓடிப்போய்த் திரும்பி வந்து, "அப்பா வீட்டில இல்லை அண்ணை" என்றாள். அடுத்த ஞாயிறும் அதே. ஐந்து ஞாயிறு அப்படிப் போனது. ஆறாவது கிழமை, புதிதாகப் பரிசுக்கு வந்த ஒரு பெடியன் ரெயிலில் என் கையைப் பிடித்து, "உங்கட அப்பாவின்ர செத்த வீட்டுக்கு நானும் போனனான் அண்ணை" என்றான். அப்பா செத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு எடுத்தேன். தவம் அண்ணைதான் எடுத்தார். நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். பொய்க்காரன் என்பதுதான் அதில் மரியாதையான சொல். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் ரிசீவரை அடித்து வைத்தேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததே தவம் அண்ணைதான் என்று பிறகு எத்தனையோ வருஷம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அந்த நம்பர் செத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக இது என் நெஞ்சுக்குள் மீன் முள் மாதிரி நின்றது.

சரி, பயணத்துக்கு வருவோம்.

முதல் நாள். வெள்ளவத்தையில் உங்கள் அம்மாவின் சித்தப்பா மகள் வதனியின் ஃப்ளாட்டில்தான் தங்கினேன். நாலாம் மாடி. முன்பக்கம் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழக் கடல் தெரியும். என் அறை பின்பக்கம். அங்கே தெரிவது அடுத்த கட்டடத்தின் பல்கனிகள். கையை நீட்டினால் அவர்கள் காயப்போட்ட துவாயை எடுக்கலாம் போல அவ்வளவு கிட்ட. நான் இங்கே இருந்த காலத்தில் இந்த இடத்தில் ஓட்டு வீடுகளும் மாமரங்களும் இருந்தன. இப்போது மாமரம் நின்ற உயரத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது.

வந்த உடனே வதனி இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். பரிசிலும் நாங்கள் இடியப்பம் சாப்பிடுகிறோம், ஆனால் அது பெட்டிக்குள் இருந்து வரும். இது ஆவியோடு தட்டில் இருந்து வந்தது. பதினாறு சாப்பிட்டேன். "அத்தான், பிளேனில உங்களுக்கு ஒண்டும் தரேல்லையோ?" என்று கேட்டாள் வதனி.

அவர்கள் வீட்டு வைஃபை பழுதாய்க் கிடந்தது. திருத்துகிறவர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று பத்து நாளாம். அதனால் காலி வீதிக்கு இறங்கி ஒரு சிம் வாங்கினேன். கடை என்று சொல்ல முடியாது, இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருந்த ஒரு வெடிப்பு. அதற்குள் ஜவ்பர் நாநா என்பவர் நூறு ஃபோன் கவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் பரிஸ் ஃபோன் வேறு சிம்மை ஏற்காது என்று பார்த்துவிட்டு, துளசி தந்த பழைய ஃபோனில் சிம்மைப் போட்டார்.

"இதுல ஹொட்ஸ்பொட் போட்டுத் தாரேன். ஒங்கட மத்த ஃபோன் இதுல இருந்து இழுத்துக்கிடும். பேர் என்ன போட?"

"என்ன பேரும் போடலாமோ?"

"ஒங்கட விருப்பம். ஒங்கட பேரைப் போடுங்க, பொண்டாட்டி பேரைப் போடுங்க."

காலி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போனது. கொத்து ரொட்டிக் கடையில் தகரத்தில் தாளம் விழுந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு பலசரக்குக் கடையில் பழைய தராசு ஒன்று தொங்கியது. என் வாய் தானாக, "தவம் ஸ்டோர்ஸ்" என்றது. நாநா ஏதும் கேட்காமல் ஆங்கிலத்தில் அடித்தார். பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்து வேண்டும் என்றார். அந்தப் பழைய கடை நம்பர் நினைவுக்கு வந்தது: கொழும்புக் கோட் சைபர் ஒன்று, பிறகு ஆறு இலக்கம். எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. சொன்னேன்.

"மனப்பாடமா வச்சீக்கிறீங்க" என்றார் நாநா.

இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனை. முதலில் பஸ்ஸில் புறக்கோட்டைக்கு. அந்தக் காலத்தில் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறியவன் என்ற நினைப்பில் ஏறினேன். கொண்டக்டர் என் சேர்ட் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். சிங்களத்தில் அவர் சொன்னதன் தமிழ் இது: "மாத்தயா, ரெண்டு காலையும் பஸ்ஸுக்குள்ள வைச்ச பிறகுதான் பழைய ஞாபகங்களை யோசிக்கவேணும்." பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சிரித்துவிட்டு எனக்கு இடம் விட்டார். பரிஸ் மெட்ரோவில் விழுந்து கிடந்தாலும் சுற்றிக்கொண்டு போவார்கள். இங்கே நக்கலடித்தாலும் கையைப் பிடிப்பார்கள்.

சான்றிதழ் வேலை நான் பயந்த மாதிரி இல்லை. பதிவுக் கந்தோரில் இருந்த பெண் பெரிய பழைய புத்தகத்தைத் திறந்து விரலால் இறங்கிக்கொண்டே வந்தாள். என் பெயரையும் அப்பாவின் பெயரையும் கண்டதும் நின்றாள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் துறைமுகக் கிளார்க் என்று யாரோ அழகாகச் சரித்து எழுதியிருந்தார்கள். நான் அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பி ஃபைல் ஒன்றை நெடுநேரம் தேடினாள். அதற்குள் எடுத்துவிட்டேன். உங்களுக்கு அனுப்பிய படம் அதுதான்.

எங்கள் லேனைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆனது. கோயில் இருந்தது. கிறிஸ்தவக் கோயிலின் பெரிய கூரையும் இருந்தது. துறைமுகத்துக் கப்பல் ஊதுவதும் கேட்டது. லேன் இல்லை. இருபது வீடும் இருந்த இடத்தில் கார் நிறுத்தும் இடமும் அதற்குப் பின்னால் ஒரு நீலக் கட்டடமும். எங்கள் வீட்டு வாசல் எது என்று காலால் அளந்து பார்த்தேன். ஒரு வெள்ளை வானுக்கு அடியில் வந்தது.

முனையில் ஒரு சலூன் மட்டும் பழையது. முடி வெட்டுகிறவரிடம் கேட்டேன்.

"தவம் ஸ்டோர்ஸோ? அதை வித்துப்போட்டுப் போய்க் கனகாலம். இந்தியாவுக்குப் போனதெண்டு சொல்லிச்சினம். மனுசன் இருக்குதோ இல்லையோ தெரியாது." கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் வெளிநாடோ? முடியை வெட்டிக்கொண்டு போங்கோவன்."

வெட்டினேன். அவ்வளவு தூரம் வந்து வேறு என்ன செய்வது. கதிரையில் இருந்தபடி, இனி இந்த முள் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன் டீயும் இரண்டு கடலை வடையும் சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஓட்டோ மருதானையில் நின்றுவிட்டது. சாரதியும் நானும் பெற்றோல் நிலையம் வரை தள்ளினோம். அவர் "நல்லாத் தள்ளுறீங்க, அங்கயும் இதுதான் வேலையா?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம்தான் முதல் தரம் லைன் அறுந்தது. துளசி தன் பள்ளிக்கூடத்து நீச்சல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் முகம் வாயைத் திறந்தபடி நின்றது. சிம் ஃபோனைப் பார்த்தால் செய்தி: உங்கள் டேட்டா முழுவதும் பாவிக்கப்பட்டுவிட்டது. ஒரு கிழமைக்கு என்று வாங்கியது இரண்டு நாளில் போய்விட்டது. நான் கதைத்ததும் இரண்டு படம் அனுப்பியதும்தான். மறுபடி போட்டேன். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தேன், எழும்பினேன், பாதி இல்லை.

நான் சமையலறையில் முப்பது வருஷம் வேலை செய்தவன். எண்ணெய் குறைந்தால் எந்த அடுப்பு குடிக்கிறது என்று பார்ப்பேன். அதே மாதிரி யோசித்தேன். வெளியே சுற்றும்போது டேட்டா குறையவில்லை. வீட்டில், அதுவும் நான் படுத்திருக்கும்போதுதான் குறைகிறது. வீட்டில் அந்த நேரம் இருப்பது வதனி. வதனி மத்தியானம் கணவாய்க் கறியை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனில் நாடகம் பார்ப்பாள். வீட்டு வைஃபையோ வேலை செய்யவில்லை.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"வதனி, நீ என்ர ஹொட்ஸ்பொட்டிலயோ பார்க்கிறனி?"

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ன அத்தான்?"

"இல்லை, பார்த்தால் பார். எனக்குத் தெரிஞ்சால் காணும், அவ்வளவுதான்."

"நீங்கள் வந்து மூண்டு நாள். காலமை இடியப்பம், மத்தியானம் கணவாய், இரவைக்குப் புட்டு. நான் ஏதும் எழுதி வைச்சனானோ? பரிசில இருந்து வந்து என்ர குசினியில நிண்டு டேட்டா எவ்வளவு குறைஞ்சதெண்டு கேக்கிறியள்." தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்கோ. இது என்ர சொந்த டேட்டா. உங்கட பாஸ்வேர்ட் என்னெண்டுகூட எனக்குத் தெரியாது."

அது உண்மை. நான் அவளுக்குப் பாஸ்வேர்ட் கொடுக்கவே இல்லை. யாருக்குமே கொடுக்கவில்லை. கணவாய்க் கறி அன்று நல்ல ருசி. ஆனால் இரண்டாம் தரம் போடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

நேரே ஜவ்பர் நாநாவிடம் போனேன். அவர் கதையைக் கேட்டுவிட்டு ஃபோனில் ஒரு இடத்தைத் திறந்தார்.

"இங்க பாருங்க. ஆரு ஒங்கட லைனுக்க ஈக்கிறாங்க எண்டு காட்டும். இப்ப ஒங்கட மத்த ஃபோன் மட்டும்தான். ஊட்டுக்குப் போய் இதே எடத்தைப் பாருங்க. ரெண்டாவது பேர் வந்தா அதான் கள்ளன்."

"பாஸ்வேர்டை மாத்தினால் சரிதானே?"

"மாத்தினா சரி. ஆனா ஆரெண்டு தெரியாமப் போயிடுமே" என்றார் நாநா. அவருக்கும் அறிய ஆசை வந்துவிட்டது.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது பெயர் வந்தது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து: APPA.

துளசி, உனக்கு உடனே எடுத்து, "என் ஃபோனுக்கு அப்பா என்று பெயர் வைத்தாயா?" என்று கேட்டேனே, அது இதற்காகத்தான். நீ இல்லை என்றாய். கேட்டு முடிப்பதற்குள் லைன் இரண்டாம் தரம் அறுந்தது.

நாலாம் நாள் காலை மறுபடி டேட்டா போட்டு, அந்த ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். முன் பல்கனிக்குப் போனால் அப்பா போய்விடும். பின் அறைக்கு வந்தால் அப்பா வந்துவிடும். மாடிப்படியில் இறங்கினேன், போய்விட்டது. ஏறினேன், வந்தது. காவலாளி மேலே வந்து சிங்களத்தில், "மாத்தயா ஏதாவது துலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆளைத் தேடுகிறேன் என்றேன். எந்த வீட்டு ஆள் என்றார். தெரியாது என்றேன். பேர் என்ன என்றார். அப்பா என்றேன். அவர் மெதுவாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

கடைசியில் என் அறை ஜன்னலடியில்தான் அது அசையாமல் நின்றது. ஜன்னலுக்கு அப்பால் அடுத்த கட்டடத்துப் பல்கனி. அங்கே வெள்ளை பெனியனும் சாரமும் கட்டிய வயதானவர் ஒருவர், சாய்மனைக் கதிரையில், மடியில் ஒரு டெப்லெட்டோடு இருந்தார். அதில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. கொமென்றி இங்கே வரை கேட்டது.

ஹொட்ஸ்பொட்டை அணைத்தேன். கொமென்றி நின்றது. அவர் டெப்லெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி போட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கொமென்றி வந்தது. அவர் சாய்ந்தார். திரும்பவும் அணைத்தேன். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வரப் பார்த்தது.

உள்ளே இருந்து ஒரு பெண் குரல். "என்னப்பா, நிண்டிட்டுதோ? வீட்டு வைஃபையைப் போட்டுவிடட்டே?"

"வேண்டாம், வேண்டாம். எங்கட கடை லைன் இருக்கேக்க எனக்கேன் வேற லைன்? வரும். பொறு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரலை நான் நேரில் கேட்டதைவிட ஃபோனில் கேட்டதுதான் கூட. "ஆருக்கு?" என்று கேட்ட குரல்.

வதனி என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "அந்தக் கிரிக்கெட் ஐயாவோ? முடிவு தெரிஞ்ச பழைய மேட்சைக் காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் பார்க்கிறவர். ஒழுங்கை முழுக்கக் கொமென்றி. பாவம், காது கொஞ்சம் மந்தம்."

"அவற்ற பேர் என்ன?"

"பேர் ஆருக்குத் தெரியும்? போன மாசம்தான் மகளோட வந்தவர். இந்தியாவில இருந்து."

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மாடி இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, மற்றக் கட்டடத்தில் நாலு மாடி ஏறினேன். ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டுத்தான் போனேன்.

கதவைத் திறந்தது சாந்தினி. நாற்பது தாண்டிவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தாள். என் கையில் இருந்த ஃபோனையும் வியர்வையையும் பார்த்தாள்.

"நான் பாலன்" என்றேன். "சங்கரப்பிள்ளையின்ர..."

"நீங்களோ தவம் ஸ்டோர்ஸ்?" என்றாள். பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. "நாலு நாளாப் பார்க்கிறன் அண்ணை. திங்கக்கிழமை ஃபோனில வைஃபை தேடினால் அப்பாவின்ர கடைப் பேர் வருது. எனக்கு விசராக்கிப்போட்டுது. கடை நம்பரை அடிச்சன், திறந்திட்டுது. வேற என்ன பாஸ்வேர்டாய் இருக்கப் போகுது? ஆரோ எங்கட லேன் ஆள் வந்து நிக்குதெண்டு தெரியும். உங்கட கட்டடத்து செக்கியூரிட்டியிட்டப் போய் ரெண்டு தரம் கேட்டனான். இங்க அப்பிடி ஒரு கடை இல்லையெண்டு சொன்னவர்."

"அதுக்காக முழு டேட்டாவையும்..."

"அப்பா எண்டு நான் பேர் வைச்சுக் குடுத்த அவற்ற டெப்லெட்டில போட்டுக் காட்டினன். அந்த நிமிஷத்தில இருந்து வேற லைன் தொடமாட்டன் எண்டிட்டார். உங்கட டேட்டாவைத் திண்டு முடிச்சிருப்பார். ஐயோ, மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை."

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். அவள் முந்திவிட்டாள். வாசலிலேயே நின்று, அந்த ஐந்து ஞாயிறுகளைப் பற்றி அவளிடம் கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் வைத்திருந்ததை வாசலில் வைத்துக் கேட்பது சரியில்லைதான். உள்ளே போனால் கேட்கமாட்டேன் என்று பயமாக இருந்தது.

சாந்தினி குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணை. அதுக்காக ஒவ்வொரு ஞாயிறும் ஓடிப்போய் உங்கட வீட்டுக் கதவைத் தட்டினனான். பூட்டின கதவு. தட்டிப்போட்டு, கொஞ்சம் நிண்டு, திரும்பி ஓடிவந்துதான் அப்பா வீட்டில இல்லையெண்டு சொன்னனான்."

பரிசில் பூத்துக்குள் நான் காத்திருந்த அந்த நிமிஷங்களில் ஒரு பிள்ளை உண்மையாகவே போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

பல்கனிக்குப் போனோம். "அப்பா, சங்கரப்பிள்ளை மாமாவின்ர பாலன் அண்ணை வந்திருக்கிறார்" என்று சாந்தினி அவர் காதுக்குக் கிட்டச் சொன்னாள். தவம் அண்ணை கிரிக்கெட்டை நிறுத்தினார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். எண்பது தாண்டிய முகம், ஆனால் சாமான் வாங்க வந்தவனை எடைபோடும் அந்தப் பார்வை அப்படியே இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"உனக்கு விசா கிடைச்சுதோ தம்பி?"

"கிடைச்சது அண்ணை. அந்த வருஷக் கடைசியிலயே."

"அப்ப சரி" என்றார். கதிரைக் கையில் ஒருதரம் தட்டினார். "கொப்பர் ஆஸ்பத்திரியில வைச்சு என்ர கையைப் பிடிச்சவர். பெடியனுக்கு விசா கிடைக்குமட்டும் சொல்லாதை தவம், தெரிஞ்சால் எல்லாத்தையும் விட்டுட்டு வெளிக்கிட்டு வந்திடுவான் எண்டு. நான் ஓமெண்டிட்டன். நீ ஆறு கிழமையில அறிஞ்சிட்டாய். விசா கிடைச்சுதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் போயிருப்பேன், பிள்ளைகளே. அப்பா என்னை அறிந்திருந்தார். அன்று போயிருந்தால் உங்கள் அம்மாவை நான் கண்டிருக்கமாட்டேன். இப்போது இதை வாசிக்க நீங்களும் இருந்திருக்கமாட்டீர்கள்.

சாந்தினி இஞ்சி போட்ட தேத்தண்ணி வைத்தாள். நான் குடிக்காமல், பிளேனில் மனப்பாடம் செய்து வைத்ததைத் தொடங்கினேன். ஒழுங்காக வரவில்லை.

"தவம் அண்ணை, அண்டைக்கு ஃபோனில நான் உங்களைப் பேசினது..."

"என்ன பேசினனி?"

"பேசினனான் அண்ணை. கூடாத பேச்சு. பொய்க்காரன் எண்டு, இன்னும் என்னவோவெல்லாம்..."

அவர் கையை ஆட்டினார். "எனக்கொண்டும் கேக்கேல்லை. வெளிநாட்டுக் கோல் எண்டால் அழுகையும் சண்டையும்தான். நான் நிண்டு கேக்கிறேல்லை. ரிசீவரை மேசையில வைச்சிட்டுப் பாண் வெட்டிக் குடுத்துக்கொண்டு நிண்டனான். ஆக்கள் நிறைய. திரும்ப எடுத்துப் பார்க்க நீ வைச்சிட்டாய்."

"உண்மையாய்க் கேக்கேல்லையோ?"

"ஞாயிற்றுக்கிழமைச் சனம் தம்பி. எங்க கேக்கிறது?" அவர் டெப்லெட்டை எடுத்தார். "இரு. இந்த ஓவரைப் பார்த்திட்டுப் போ."

இருந்தேன். ஒரு ஓவருக்கு இருந்தவன் மத்தியானம் வரை இருந்தேன். என் ஃபோன் மேசையில் கிடந்து சூடாகிக்கொண்டிருந்தது. எங்கள் லேனில் யார் எங்கே என்று அவர் ஒரு நாட்டுக்கு ஒருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார், விளம்பரம் வரும்போது மட்டும். நெஞ்சு லேசாக இருந்தது. நான் ஏசியதை அவர் கேட்கவே இல்லை என்றால் இத்தனை வருஷமும் நான் வீணாகத்தான் நொந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

வெளிக்கிடும்போது சாந்தினி லிஃப்ட் வரை வந்தாள். பொத்தானை அமத்திவிட்டு, லிஃப்ட் இலக்கங்கள் ஏறுவதைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா அண்டைக்குப் பாண் வெட்டேல்லை அண்ணை."

"என்ன?"

"ஞாயிற்றுக்கிழமைகளில எங்கட கடைக்குப் பாண் வாறேல்லை. பேக்கரி லீவு. அண்டைக்குக் கடையில ஒருத்தரும் இல்லை. நான் வாசலில நிண்டனான். ரிசீவரைக் காதில வைச்சபடிதான் நிண்டவர், நீங்கள் வைக்குமட்டும். பிறகு கதவைச் சாத்திப்போட்டார். பின்னேரம் திறக்கேல்லை."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நான் திரும்பி அந்த வீட்டு வாசலைப் பார்த்தேன். உள்ளே கொமென்றி கேட்டது. திரும்பிப் போய் இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் சொன்னதைப் பொய் என்று இரண்டாம் தரமும், இந்தத் தரம் முகத்துக்கு நேரே, சொல்லவேண்டி வரும். போகவில்லை.

கீழே இறங்கி ஜவ்பர் நாநாவிடம் போனேன்.

"கள்ளனைப் பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "பெரிய டேட்டா ஒண்டு போடுங்கோ நாநா. முழு மேட்ச் பார்க்கக் காணவேணும்."

மிச்ச மூன்று நாளும் நான் எங்கும் போகவில்லை. கல்கிசைக் கடற்கரையில் படம் எடுத்து அனுப்புவதாக கவினுக்குச் சொன்னதையும் செய்யவில்லை. காலை எட்டு மணிக்கு ஹொட்ஸ்பொட்டைப் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வதனிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.